தொண்ணூறு மில்லி விழிப்பு

"ஹெல்மெட்ட தலையில போடும்மா" என்றார் செக்யூரிட்டி முனுசாமி.

போட முடியாது. சுகிர்தாவின் மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் அரைக் கிலோ காப்பித்தூள் இருந்தது. மேலே கைக்குட்டையால் மூடி, கைக்குழந்தையை அணைத்த மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஸ்டோர்ஸிலிருந்து கேன்டீனுக்கு ஓடிக்கொண்டிருந்தவளைத்தான் அவர் மடக்கியிருந்தார். அந்தக் கம்பெனியில் நடப்பதற்கென்று தரையில் வெள்ளைக் கோடு போட்ட பாதை உண்டு. கோட்டைத் தாண்டினால் ஒரு விசில், ஓடினால் இரண்டு, தலை வெறுமையாக இருந்தால் மூன்று. முனுசாமி ஆறையும் ஊதி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் பேசவே ஆரம்பித்தார்.

"தல வலிக்குதுண்ணா."

"வலிக்கிற தலைக்குத்தாம்மா ஹெல்மெட்டு. நல்லாக்கீற தலைக்கு இன்னாத்துக்கு?" மூக்கை உறிஞ்சினார். "இன்னா வாசன அது? காப்பியா?"

"ஷாம்புண்ணா."

"சூப்பரா கீதே. பேர சொல்லு, எங்க ஊட்டம்மாவுக்கு வாங்கிக்கினு போறேன்."

சுகிர்தா வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னாள். அதைக் குறித்துக்கொண்டு, விதிமீறல் சீட்டை மூன்று நகலில் நிரப்பி, 'காரணம்' என்ற இடத்தில் 'தலைவலி' என்று எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவளிடமே கிழித்துக் கொடுத்தார். நிதானமான மனுஷர். மணி பதினொன்று பதினாலு ஆகிவிட்டது.

அவள் கேன்டீன் வாசலில் எட்டிப் பார்த்தபோது விருதுக்காகப் பார்வையிட வந்த நடுவர்கள் மூன்று பேரும் குடித்து முடித்துக் கப்பைக் கீழே வைத்திருந்தார்கள்.

பாய்லருக்குப் பின்னால் அவள் அம்மா ஹெலன், தலையில் வலைத்தொப்பியும் கையில் வெள்ளை உறையுமாக, உதட்டை அசைக்காமல் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். டி.ஜி.எம். பூவராகவன் மாப்பிள்ளையின் அப்பா மாதிரி மலர்ந்து நின்றிருந்தார். தலைமை நடுவர் நர்மதா மேடம் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"இது கஃபீன் பட்டை. காப்பியில நனைச்சா ரெண்டு நிமிஷத்துல ஒரு கோடு விழும். கோடு விழுந்தா காப்பி. சும்மா ஃபார்மாலிட்டிதான் சார்."

"தாராளமா பாருங்க மேடம்" என்றார் பூவராகவன். "எங்க காப்பிக்கு பயமே கிடையாது."

கோடு விழாது. அது அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அண்டாவில் இருந்தது கேழ்வரகு, பனங்கிழங்கு, சிக்கரி வேர். நாற்பத்து மூன்று நாளாக அந்தத் தொழிற்சாலையில் ஒருவருக்கும் ஒரு சொட்டுக் காப்பி ஊற்றவில்லை. அது வெளியே தெரிந்த நிமிஷம் ஹெலனுக்கு வேலை கிடையாது.

பட்டை நனைந்துவிட்டது. அந்த இரண்டு நிமிஷம் அதன் பாட்டுக்கு ஓடட்டும். அதற்குள் இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடலாம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிற அகண்டதீபா பிரஸ்ஸிங்ஸ், கார் கதவுக்கான தகட்டை அழுத்தி வளைக்கிற கம்பெனி. ஜனவரி மாதம் ஒரு ஜெர்மன் வாடிக்கையாளர் சுற்றிப் பார்க்க வந்தார். இரண்டாவது லைனில் பிரஸ் ஓட்டுகிற ரகு, நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். ஜெர்மன்காரர் அவனையே ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "மிகவும் அமைதியான தொழிலாளி" என்று குறிப்பு எழுதிக்கொண்டு போனார். அது பாராட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பூவராகவன் மட்டும் அப்படி நினைக்கவில்லை. ஏற்கெனவே சுத்தத்துக்கு ஒரு பிரிவு, பாதுகாப்புக்கு ஒரு பிரிவு, புன்னகைக்கு ஒரு பிரிவு எல்லாம் மற்றவர்கள் ஆரம்பித்து நல்ல பெயர் வாங்கிவிட்டிருந்தார்கள். அவருக்கென்று ஒரு பிரிவு இல்லாமல் இருந்தது. பத்தே நாளில் 'விழிப்பு மேலாண்மைப் பிரிவு' பிறந்தது. அதன் முதல் திட்டத்துக்கு 'விழி-90' என்று பெயர்.

அதாவது, இரண்டாவது லைனில் உள்ள அறுபத்திரண்டு பேருக்கும் காலை ஒன்பது மணிக்கும் பதினொன்று பத்துக்கும் தொண்ணூறு மில்லி காப்பி. வேண்டும், வேண்டாம் என்ற பேச்சே கிடையாது. கப்பை வலது கையில் நெற்றி உயரத்துக்குத் தூக்கி, "நான் விழித்திருக்கிறேன். என் பக்கத்தில் இருப்பவர் விழித்திருப்பதை விழித்திருந்து உறுதி செய்வேன்" என்று உறுதிமொழி சொல்லிவிட்டு, நாலு நிமிஷத்துக்குள் குடித்துவிட வேண்டும். அப்புறம் சூப்பர்வைசர் முன்னால் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அவர் எதிராளி எத்தனை தடவை கண் சிமிட்டுகிறான் என்று எண்ணி, இமை ரெஜிஸ்டரில் எழுதுவார். இருபத்திரண்டுக்கு மேல் போனால் 'அரை விழிப்பு'. கையில் மஞ்சள் பட்டி கட்டிவிடுவார்கள். எண்ணுகிற சூப்பர்வைசருக்கே பத்தாவது ஆளில் கண் சொருகிவிடும். அவர் இமையை எண்ண இன்னொருவரைப் போட்டார்கள்.

ரகு முதல் நாளே முப்பத்தொன்பது வாங்கினான். "ஹெலன்க்கா, நெஞ்செல்லாம் எரியுது. ஏற்கெனவே இந்த ஜன்னல்லயே நாலு காப்பி அடிக்கிறவன் நானு. இதுவும் சேர்ந்து ராத்திரி பூரா கண்ண தொறந்துகினு ஃபேன பாத்துகினு கீறேன்" என்று கேன்டீன் ஜன்னலில் வந்து புலம்பினான்.

"அப்ப பகல்ல தூங்கற."

"அப்பால இன்னா பண்றது? எப்பனா தூங்கணும்ல?"

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பூவராகவன் காப்பித்தூளுக்குப் பதவி உயர்வு கொடுக்கிற வரைக்கும்.

அதுவரை காப்பித்தூள் வெங்காயம், முட்டைக்கோஸோடு காய்கறி வண்டியில் வந்து இறங்கும். ஒருவரும் கேட்க மாட்டார்கள். விழி-90 வந்ததும், "காப்பி இனிமே மளிகை சாமான் இல்ல, உற்பத்திக்கு அத்தியாவசியமான மூலப்பொருள்" என்று சுற்றறிக்கை போனது. மூலப்பொருள் என்றால் தகடு, போல்ட்டு எல்லாம் வருகிற வாசல் வழியாகத்தான் வர வேண்டும். அந்த வாசலில் உட்கார்ந்து பரிசோதிக்கிற இடத்தில்தான் சுகிர்தா அப்ரண்டிஸ். பதினெட்டு வயது. அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்துவிட்டு வந்து ஐந்தாவது வாரம். புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கே உரிய வியாதி அவளுக்கும் இருந்தது: படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால் அதை நிரப்பிவிடுவாள்.

படிவத்தில் பதினொரு கட்டம். நாலாவது கட்டம், கடினத்தன்மை. குறைந்தபட்சம் நாற்பத்திரண்டு. ஒரு சிட்டிகைக் காப்பித்தூளை மெஷினில் வைத்து, ஊசியை இறக்கினாள். தூள் பறந்து மூக்கில் ஏறியது. மூன்று தும்மலுக்குப் பிறகு முள்ளைப் பார்த்தாள். பூஜ்யம். பூஜ்யம் என்று எழுதினாள். நாற்பத்திரண்டுக்குக் கீழே என்பதால் மூட்டையில் சிவப்பு அட்டை கட்டினாள். ஸ்டோர்ஸ் இன்ஸ்பெக்டர் வரதன் போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மூட்டை, தேறாத சரக்கை அடைக்கிற சிவப்புக் கூண்டுக்குள் போய்ப் பூட்டப்பட்டது.

தான் என்ன செய்துவிட்டோம் என்று மறுநாள் காலை அம்மா காலி டப்பாவோடு வந்து நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"சார், அது காப்பித்தூள் சார். அட்டைய எடுத்துடலாமா?"

வரதன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "கட்டுறதுக்கு ஒரு கையெழுத்து போதும்மா. எடுக்கறதுக்கு எட்டு படி இருக்குது. சரக்கு ஏன் மெத்துனு கீதுன்னு சப்ளையர் ரிப்போர்ட் தரணும். நம்ம அத்த ஒத்துக்கணும்."

சப்ளையருக்கு மெயில் போனது. பாரிமுனையிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: 'ஐயா, இது காப்பித்தூள்.' அந்தப் பதில், 'மூல காரணம் விளக்கப்படவில்லை' என்ற முத்திரையோடு திருப்பி அனுப்பப்பட்டது. அதற்கப்புறம் அவர் எழுதவே இல்லை.

ஹெலன் பூவராகவனிடமே போனாள்.

"சார், தூள் கூண்டுல மாட்டிக்கினு கீது. ரெண்டு நாளைக்கி காப்பி நிறுத்திக்கலாமா?"

"ஹெலன்மா, விழி-90 ஒரு வேளைகூட நிக்கக் கூடாது. கிராஃப்ல பள்ளம் விழும். பள்ளம் விழுந்தா ஜெர்மனில தெரியும்."

"அப்ப கூண்ட தொறந்து விடுங்க சார்."

"நான் ரூலுக்கு மேல இல்லம்மா. நான்தானே ரூல் போட்டேன்? நானே மீறினா நல்லாவா இருக்கும்?"

"அப்ப நான் எத்த சார் ஊத்தறது?"

"அது ஆபரேஷனல் விஷயம். அதுல நான் தலையிட மாட்டேன். ஒரே ஒரு வேள நின்னுச்சுன்னு வைங்க, கான்ட்ராக்டர்கிட்ட சொல்லி வேற ஆள் போட்டுருவேன். தப்பா நினைக்காதீங்க, மனுஷன்ற முறையில எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கும்."

ஹெலன் அழவில்லை. அவளுடைய சொந்த டப்பாவைத் திறந்தாள்.

அந்த டப்பாவுக்கும் ஒரு கதை உண்டு. போன கிறிஸ்துமஸுக்கு அப்புறம் ஹெலனுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. பொன்னேரி ஆஸ்பத்திரி டாக்டர் காப்பியை விடச் சொன்னார். நாள் முழுக்கக் காப்பி போடுகிறவளுக்கு அதைக் குடிக்காமல் இருப்பது எவ்வளவு பேஜார் என்று டாக்டருக்குத் தெரியாது. வெறுங்கையோடு ஜன்னல் ஓரமாக நின்று, மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சுகிர்தாவுக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருப்புச் சட்டியை வைத்து வறுக்க ஆரம்பித்தாள். நோட்டில் எழுதினாள். கம்பு: கஞ்சி வாடை. பார்லி: ஆஸ்பத்திரி ஞாபகம். சர்க்கரைவள்ளி: பாயசம் மாதிரி, அம்மா சிரித்தாள். ஒன்பதாவது தடவை, கேழ்வரகை அடுப்பு மெதுவாக எரிய, கை விடாமல், கருகுவதற்கு ஒரு மூச்சு முன்னால் இறக்கி, பொங்கலுக்கு வாங்கி அவித்துக் காயவைத்திருந்த பனங்கிழங்கைச் சில்லுச் சில்லாக நறுக்கித் தனியாக வறுத்து, கசப்புக்குக் கொஞ்சம் வறுத்த சிக்கரி வேரும் சேர்த்து அரைத்தாள். ஹெலன் ஒரு வாய் குடித்துவிட்டு, "அடியே, காப்பியாட்டமே கீதுடி" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது வாய் குடித்துவிட்டு, "காப்பியாட்டம் இல்ல. ஆனா இது நல்லாக்கீது" என்றாள். நோட்டில் அதையும் சுகிர்தா எழுதினாள்.

கேன்டீனில் கஞ்சிக்கென்று கேழ்வரகு மூட்டை இருந்தது. அது அத்தியாவசியமான பொருள் இல்லை என்பதால் அதை யாரும் பரிசோதிக்கவில்லை. அம்மாவும் மகளும் தினம் சாயங்காலம் அரைக் கிலோ வறுத்தார்கள். நடுநடுவே வறுவல் கருகி, மூன்றாவது வீட்டு சின்னப்பொண்ணு அக்கா, "இன்னாடி, ஊடு பத்திக்கிச்சா?" என்று குடத்தோடு ஓடி வந்ததும் உண்டு.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு அறுபத்திரண்டு கப் நெற்றிக்கு உயர்ந்தன. உறுதிமொழி முழங்கியது. சுகிர்தா கம்பத்துக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்தாள். குடித்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ரகு மட்டும் கப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "தோ பார்றா, எரியல" என்றான்.

ஒரு வாரம் போனது. ரகுவின் இமை முப்பத்தொன்பதிலிருந்து இருபதுக்கு வந்தது. அடுத்த வாரம் பதினொன்று. லைன் முழுக்க அப்படித்தான். மஞ்சள் பட்டி கட்ட ஆள் இல்லை. ராத்திரி எல்லோரும் அவரவர் வீட்டில் அடித்துப் போட்ட மாதிரி தூங்கிவிட்டு, காலையில் தெளிந்த முகத்தோடு பஸ் ஏறினார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. அதனால் மேலே யாருக்கும் புரியவில்லை.

பூவராகவன் கிராஃபைச் சட்டம் போட்டு மாட்டினார். ஏப்ரல் மாத விழிப்பு நட்சத்திரமாக ரகுவைத் தேர்ந்தெடுத்து, போட்டோ எடுக்க ஆளை வரவழைத்தார். பதினாலு தடவை எடுத்தும் பதினாலிலும் அவன் கண்ணை மூடியிருந்தான். கடைசியில் அவனுடைய ஆதார் அட்டையிலிருந்த போட்டோவைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அதைப் பார்த்தவர்கள் யாருக்கும் அன்று முழுக்கத் தூக்கம் வராது.

அப்புறம்தான் அகில இந்தியத் தொழிற்சாலை விழிப்பு மன்றத்துக்கு விண்ணப்பம் போனது. அந்த மன்றத்திலிருந்து மூன்று நடுவர்கள் வந்தார்கள். இன்று காலை எட்டரை மணியிலிருந்து எழுபத்து நாலு ஸ்லைடு. திரை வெளிச்சத்துக்காக விளக்கை அணைத்திருந்தார்கள். பன்னிரண்டாவது ஸ்லைடில் ஒரு நடுவரும், இருபதாவது ஸ்லைடில் இன்னொருவரும் கண்ணை மூடி ஆழ்ந்து கவனிக்க ஆரம்பித்தார்கள். நர்மதா மேடம் ஒருவர்தான் கண்ணைத் திறந்து கவனித்தவர்.

"சார், நீங்க ஒரு நாளைக்கு எத்தனை காப்பி?" என்று அவர் கேட்டார்.

"நான் காப்பியே குடிக்கறதில்ல மேடம்" என்றார் பூவராகவன் பெருமையாக. "குடிச்சா ராத்திரி தூக்கம் வராது. தூக்கம் இல்லன்னா மறுநாள் வேலையே ஓடாது. லீடர்ஷிப்ல இருக்கறவங்களுக்கு தூக்கம் ரொம்ப முக்கியம்."

மேடம் அதை எழுதிக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ஸ்டோர்ஸில் வரதன் வந்து, "மேடம் கையில காப்பிய செக் பண்ற பட்டை கீதாம்மா. நம்ம டிபார்ட்மென்ட்ட விட மோசமான டிபார்ட்மென்ட்டு போல" என்று சொல்லிச் சிரித்தார். சுகிர்தா சிரிக்கவில்லை. நாற்பத்து மூன்று நாளாகத் திறக்கத் துணியாத சிவப்புக் கூண்டின் சாவி அவளிடம்தான் இருந்தது. கையில் கிடைத்த ஒரே பாத்திரம் ஹெல்மெட்.

இரண்டு நிமிஷம் ஆயிற்று.

கோடு விழவில்லை.

நர்மதா மேடம் பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு பட்டையை நனைத்தார். மறுபடி இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் ஹெலன் அந்தோணியார், வேளாங்கண்ணி மாதா, பழவேற்காடு மாதா எல்லோரையும் ஒரு சுற்று கூப்பிட்டுவிட்டாள். கோடு விழவில்லை.

"சார்" என்றார் மேடம். "இதுல கஃபீன் பூஜ்யம்."

சுகிர்தா ஹெல்மெட்டை இன்னும் இறுக்கி அணைத்தாள். கைக்குட்டை ஓரமாக ஒரு பிடி தூள் தரையில் சிந்தியது. 'நான்தான் மேடம், தப்பு என் மேல, எங்கம்மாவ ஒண்ணும் பண்ணாதீங்க' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

பூவராகவன் சிரித்தார்.

"பூஜ்யமா? தேங்க்யூ மேடம்."

"இல்ல சார், பூஜ்யம்னா..."

"பூஜ்யம்தானே மேடம் எங்க லட்சியம்? வாசல்ல போர்டு பாத்திருப்பீங்களே. விபத்து பூஜ்யம், குறைபாடு பூஜ்யம், கழிவு பூஜ்யம். பத்து வருஷமா பூஜ்யத்துக்காகத்தான் உயிரக் குடுக்கறோம். காப்பியில மட்டும் வராம இருந்துச்சு. இன்னிக்கி அதுவும் வந்துருச்சு."

மேடம் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்தார். அவருடைய படிவத்திலும் கட்டங்கள் இருந்தன. 'கஃபீன் அளவு' என்ற கட்டத்துக்கு எதிரே மூன்றே விடைகள்: நன்று, மிக நன்று, முன்மாதிரி. இல்லவே இல்லை என்பதற்கு இடம் இல்லை.

"ஆனா இமை எண்ணிக்கை குறைஞ்சிருக்கே. அப்ப கஃபீன் எங்க போச்சு?"

"தொழிலாளர் உடம்புக்குள்ள போயிருச்சு மேடம்" என்றார் பூவராகவன், ஒரு கணமும் யோசிக்காமல். "முழுசா போயிருச்சு. மத்த கம்பெனில எல்லாம் பாதி கப்புலயே நின்னுரும். அது வேஸ்டு. இங்க நூறு சதவீதம் பயன்பாடு. காப்பியில மிச்சமே வைக்கறதில்ல."

"ஆனா சார், நான் பட்டைய நனைச்சது குடிக்காத காப்பி."

"அவ்வளவு வேகமா வேலை செய்யுது மேடம்."

கண்ணை மூடிக் கவனித்துக்கொண்டிருந்த நடுவர்களில் ஒருவர், "முன்மாதிரி" என்றார். விழித்துச் சொன்னாரா, கனவில் சொன்னாரா என்று தெரியவில்லை. இன்னொருவரின் தலையும் ஆமோதிக்கிற மாதிரி முன்னால் சரிந்தது. பெரும்பான்மை பெரும்பான்மைதான்.

மேடம் கடைசி முயற்சியாக ரகுவைக் கூப்பிட்டார். "தம்பி, நீங்க சொல்லுங்க. எப்படி இவ்வளவு விழிப்பா இருக்கீங்க?"

"ராத்திரி நல்லா தூங்கறேன் மேடம். இந்தக் காப்பி குடிக்கறப்ப நெஞ்சு எரியவே மாட்டேன்னுது. படுத்தா பொணமாட்டம் கெடக்கறேன். அவ்ளோதான்."

இதைவிடத் தெளிவாக ஒருவன் உண்மையைச் சொல்ல முடியாது.

"அது அவரோட சொந்த விஷயம் மேடம்" என்றார் பூவராகவன். "ராத்திரி தொழிலாளர் என்ன பண்றாங்கன்னு நாங்க தலையிடறதில்ல."

"எங்க வரம்புலயும் ராத்திரி வராது" என்று ஒப்புக்கொண்ட மேடம், ரகு சொன்னதை எழுதாமல் பேனாவை மூடினார். பிறகு காற்றை மோந்தார். "ஆனா ஒண்ணு சார். குடிக்கும்போது தெரியல, இப்ப பிரமாதமா காப்பி வாசனை வருது."

"ஷாப் ஃப்ளோர் பூரா அப்படித்தான் மேடம். சுவத்துலயே ஊறிப்போயிருக்கு."

வாசலில் நின்றவள் ஹெல்மெட்டை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் விருது. தேசிய அளவில் 'சிறந்த விழிப்பு உட்கொள்ளல்' என்று பித்தளையில் எழுதியிருந்தது. அதன் மேல் ஒரு பெரிய கண். பூவராகவன் அதை வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சின் நடுவில் ஹெலனை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார். ஹெலன் திருடப் போன இடத்தில் விருந்து கிடைத்தவள் மாதிரி முழித்தாள். அதையும் கைதட்டி ரசித்தார்கள். அவ்வளவு விழிப்பான முகம்.

"இந்த வெற்றி இங்கயே நின்னுரக் கூடாது" என்று முடித்தார் பூவராகவன். "அடுத்த மாசத்துலேருந்து நம்ம கம்பெனியோட மத்த நாலு பிளான்ட்லயும் விழி-90. ரெண்டு வேள இல்ல, இங்கயும் சேர்த்து ஆறு வேள. தூள ஹெட் ஆபீஸே மொத்தமா வாங்கி நேரா கேன்டீனுக்கே அனுப்புது. டபுள் ஸ்ட்ராங். கேன்டீன்காரங்க எல்லாருக்கும் நம்ம ஹெலன்மாதான் ட்ரெயினிங் குடுப்பாங்க."

ரகு நெஞ்சைத் தடவிக்கொண்டான், இப்போதே எரிகிற மாதிரி.

இரண்டே முக்கால் மணிக்கு வரதன் ஒரு தாளைக் கொண்டுவந்து சுகிர்தாவின் மேஜையில் வைத்தார். தொழிற்சாலைக்காரர்களுக்கு அந்தத் தாள் பழக்கம்தான். மெஷின் கெட்டால், தகடு கிழிந்தால், ஏன் என்று கேட்டு ஒரு பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு ஏன் என்று கேட்டு அடுத்த பதில். இப்படி ஐந்து ஏன். ஐந்தாவதில் உண்மை சிக்கிவிடும் என்பது நம்பிக்கை.

"இது கெட்டுப்போனாதானே சார் எழுதுவாங்க?"

"ஜெயிச்சதுக்கும் எழுதணுமாம்மா. நாலு பிளான்ட்டுக்கு அனுப்பறாரு. நீ குவாலிட்டிலயும் கீற, ஹெலன் பொண்ணாவும் கீற. உன்ன விட்டா யாருக்கு தெரியும்னு சார்தான் சொன்னாரு. உங்கம்மா கையெழுத்தும் வேணும். மூணு மணிக்குள்ள கேட்ல குடுத்துட்டுதான் பஸ்ல ஏறணும்."

சுகிர்தா தாளோடு கேன்டீனுக்குப் போனாள். ஹெலன் அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தோளில் சால்வையோடேயே ஸ்டூலில் குந்தியிருந்தாள். தாளை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள்.

"மா, நான் அந்த அட்டைய கட்டாம இருந்திருந்தா..."

"உடு. நீயா கட்டின? அந்தக் கட்டம் கட்டுச்சு." ஹெலன் சால்வையை மடித்து மடியில் வைத்தாள். "சும்மா எதனா எழுதிக் குடுத்துட்டு வா. காப்பி நல்லா கலக்குனாங்கோ, அதனால ஜெயிச்சாங்கோன்னு எழுது."

"எழுதினா அப்படியே நம்புவாங்கமா. ரகு அண்ணாவுக்கு ஆறு வேள ஊத்துவாங்க. டபுள் ஸ்ட்ராங்கு. அந்த மெஷின்கிட்ட நிக்கறாரு அவரு. நூத்தம்பது டன்னு அழுத்தும். தூங்கி கைய உட்டா?"

ஹெலன் மடித்த சால்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நெசத்த எழுதினா?"

"எழுதினா திங்கக்கிழமை இந்த ஜன்னல்ல வேற பொம்பள நிப்பா. பொய் சொல்லி ஊத்தினவன்னு சொல்லி, சிப்காட்ல ஒரு கம்பெனி சேக்காது. அவ்ளோதான் வித்தியாசம்."

வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஷிப்ட் முடிந்தவர்கள் வெள்ளைக் கோட்டுக்குள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சுகிர்தா பேனா மூடியைத் திறந்தாள்.

முதல் வரியில் அச்சிட்டிருந்தது: 'தொழிலாளர்கள் ஏன் தூங்கி வழியவில்லை?'

எழுதினாள்: 'ராத்திரி வீட்டில் நன்றாகத் தூங்குகிறார்கள்.' அதில் பொய் இல்லை. அதை ரகுவே எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். யாருக்கும் வேலை போகவில்லை.

அடுத்த கட்டத்தில் கேள்வியை அவளே எழுத வேண்டும். முதல் பதிலைப் பார்த்து, அதற்கு ஒரு ஏன். எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் இரண்டாவது தடவை ஹாரன் அடித்தது. ஹெலன் எழுந்து வந்து, மகளின் தோளுக்கு மேலாகக் குனிந்து, எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தாள்.

"ராத்திரி... ஏன்... நல்லா தூங்குகிறார்கள்?"

படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னாடி எழுதப் போற?"